வீட்டுக்கு ஓர் இணைப்பு போதும், உள்ளே கேபிள் இழுத்துக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் பழைய வண்ணாரப்பேட்டையில் குடியிருக்கும் எலக்ட்ரீஷியன். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை வட்டாரத்தில் வீட்டு வயரிங் செய்வதுதான் என் பிழைப்பு. கொரோனா ஊரடங்கில் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் வீட்டுக்குள் வந்ததில் இருந்து, ஃபேன் மாட்டப் போகும் இடத்தில் எல்லாம் "இந்த நெட்டையும் கொஞ்சம் பாருங்கண்ணே" என்று கேட்கிறார்கள். பார்த்துப் பார்த்து இப்போது அதுவே என் வேலையில் பாதியாகிவிட்டது.

சென்ற வாரம் உங்கள் வாசகர் கடிதம் பகுதியில் ஓர் அன்பர் எழுதியிருந்தார். வீட்டில் மூன்று கணினிகள் ஆகிவிட்டன, இரண்டாவது பிராட்பேண்ட் இணைப்பு எடுக்க வேண்டியிருக்கிறது, அதற்கு அரசு மானியம் தர வேண்டும் என்பது அவர் கோரிக்கை. மாதாமாதம் கையைக் கடிக்கும் செலவைப் பற்றிய அவர் கவலை நியாயமானது. ஆனால் அவருக்கு இரண்டாவது இணைப்பே வேண்டாம். ஒரே இணைப்பில் அந்த மூன்றும் ஓடும். இன்னும் மூன்று வந்தாலும் ஓடும். வாசல் வரை வந்த இணைப்பை அறைக்கு அறை கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு யாருக்கும் இல்லை என்பதுதான் கோளாறு. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய சந்தில் ஒரு வீடு. வீட்டுக்காரர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். அந்த அக்கா ஏலத்தில் மீன் எடுத்து விற்கிறார். மூத்த பெண் கல்லூரியில் படிக்கிறாள், அவளிடம் ஒரு லேப்டாப். தம்பி பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்திருக்கிறான், அவனுக்குச் சொந்தக்காரர் கொடுத்த பழைய டெஸ்க்டாப். முன்னறை, அதற்குப் பின்னால் சமையல்கட்டு, அதற்கும் பின்னால் ஓர் அறை என்று வீடு ஒரே கோட்டில் நீளமாகப் போகிறது. ரவுட்டரை வாசல் நிலைக்கு மேலே, மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள். பின்னறையில் இருக்கும் டெஸ்க்டாப்புக்கு அங்கிருந்து ஒன்றும் எட்டவில்லை. புகார் சொன்னதும் வந்து பார்த்த ஊழியர் என்ன செய்தார் என்பதை அந்த அக்கா சொன்னபடியே எழுதுகிறேன்: "ரெண்டாவது கம்ப்யூட்டருக்கு ரெண்டாவது கனெக்‌ஷன் தான்க்கா போடணும்னு சொல்லிட்டாருண்ணே. அன்னிலேர்ந்து ரெண்டு பில்லு கட்டிகினு இருக்கோம். படகு போவாத மாசத்துலயும் கட்டினோம்."

ஏப்ரல் 15-இல் இருந்து ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் விசைப்படகு கரையில் நிற்கும். அந்த நாட்களிலும் தேவையே இல்லாத ஒரு பில்லை அந்தக் குடும்பம் கட்டியிருக்கிறது. ரவுட்டரில் இருந்து சுவரோரமாகப் பின்னறைக்கு ஒரு லேன் கேபிள் இழுத்தேன். டெஸ்க்டாப் கேபிளில், லேப்டாப் வைஃபையில், டிவியும் வைஃபையில் என்று எல்லாமே முதல் இணைப்பிலேயே ஓடின. இரண்டாவதை அந்த மாதமே சரண்டர் செய்துவிட்டார்கள். நிறுவனத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. இதை ஒருவர் மட்டும் செய்வதில்லை, தொழிலிலேயே இது பழக்கமாகிவிட்டது.

கணினிக்கு ஓர் இணைப்பு என்ற எண்ணம் மக்கள் மனதில் எப்படி வந்தது என்பதற்கும் காரணம் உண்டு. 1995 ஆகஸ்ட் 15 அன்று இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தபோது டெலிபோன் லைனில் டயல் செய்துதான் போக வேண்டும்; ஒரு போன், ஒரு கணினி. 2004-ஆம் ஆண்டு பிராட்பேண்ட் கொள்கையில் விநாடிக்கு 256 கிலோபிட் இருந்தாலே அது பிராட்பேண்ட் என்று வைத்தார்கள். அடுத்த ஆண்டில் இருந்து டெலிபோன் செம்புக் கம்பியிலேயே பிராட்பேண்ட் பரவியது. அப்போது வந்த மோடம்கள் பலவற்றில் ஒரே ஒரு லேன் துளைதான் இருக்கும். இன்னொரு கணினிக்கும் வேண்டும் என்றால், முதல் கணினியில் இரண்டு நெட்வொர்க் கார்டு போட்டு, விண்டோஸில் இருக்கும் பகிர்வு வசதியைத் திறந்துவிட வேண்டும். 1999-இல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பிலேயே அந்த வசதி உண்டு. ஆனால் முதல் கணினியை அணைத்தால் இரண்டாவதுக்கும் நெட் போய்விடும். கேபிள் டிவி ஆபரேட்டர்கள் நெட் கொடுக்க ஆரம்பித்தபோது சிலர் குறிப்பிட்ட ஒரு கணினியின் நெட்வொர்க் கார்டு எண்ணைப் பதிவு செய்து, வேறு கணினி மாட்டினால் வேலை செய்யாதபடி பூட்டியும் வைத்தார்கள். அந்தக் காலத்து அனுபவம் இன்னும் மனதில் தங்கியிருக்கிறது. விற்பனைக்கு வருகிறவர்களுக்கு அது வசதியாகப் போய்விட்டது.

இன்றைய ரவுட்டர் பிறந்ததே பகிர்ந்து கொடுப்பதற்கு. ஈ.பி. சர்வீஸ் லைன் வீட்டுக்கு ஒன்றுதான் வருகிறது, மீட்டர் ஒன்றுதான். உள்ளே ஃபேன், லைட், மிக்ஸி, ஃபிரிட்ஜ் ஒவ்வொன்றுக்கும் தனி மீட்டர் வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. நெட்டிலும் அதே ஏற்பாடுதான். வெளியுலகத்தில் இருந்து பார்த்தால் உங்கள் வீட்டுக்கு ஒரே முகவரி. உள்ளே லேப்டாப்புக்கு ஒன்று, டெஸ்க்டாப்புக்கு ஒன்று, போனுக்கு ஒன்று என்று ரவுட்டரே தனித்தனி உள்முகவரி கொடுக்கும். பெரும்பாலும் அது 192.168 என்று ஆரம்பிக்கும். இந்த எண் வரிசைகளை வீடு, அலுவலகம் போன்ற உள்வலைகளின் பயன்பாட்டுக்கு என்று 1996-இலேயே உலக அளவில் ஒதுக்கி வைத்துவிட்டார்கள். எந்தக் கணினி எதைக் கேட்டது என்பதை ரவுட்டர் குறித்து வைத்துக்கொண்டு, பதில் வந்ததும் அதனதன் இடத்துக்குச் சரியாகப் பிரித்து அனுப்பிவிடும். பழைய முறை இணைய முகவரிகள் உலகம் முழுமைக்கும் சுமார் 430 கோடிதான். பிரித்துக் கொடுக்க உலகப் பொது இருப்பில் இருந்த முகவரிகள் 2011 பிப்ரவரியில் தீர்ந்துபோயின. வீட்டுக்கு வீடு இப்படிப் பகிர்வதால்தான் இன்றைக்கும் வண்டி ஓடுகிறது.

நிறுவனங்களே பகிர்ந்துதான் கொடுக்கின்றன என்பதையும் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நம் தெருக்களில் வரும் ஃபைபரில் பெரும்பாலானது ஜிபான் முறை. விநாடிக்கு சுமார் 2.5 கிகாபிட் போகும் ஓர் இழையை, கம்பத்திலோ சுவரிலோ மாட்டியிருக்கும் ஸ்ப்ளிட்டர் வழியாக 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்து விடுகிறார்கள். எல்லோரும் ஒரே நொடியில் முழு வேகத்தையும் இழுக்க மாட்டார்கள் என்ற கணக்கில்தான் அது ஓடுகிறது. ஒரு குடும்பத்துக்குள்ளும் அதே கணக்கு பொருந்தும்.

வேகக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 100 எம்.பி. என்று விளம்பரத்தில் போடுவது மெகாபிட். டவுன்லோடு ஆகும்போது திரையில் ஓடுவது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட்; 100-ஐ எட்டால் வகுத்தால் 12.5 வரும். அதைப் பார்த்துவிட்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம். முழு எச்.டி. வீடியோ பார்க்க 5 மெகாபிட் போதும். ஆன்லைன் வகுப்புக்கும் ஆபீஸ் மீட்டிங்குக்கும் 3, 4 மெகாபிட். 4கே டிவிக்குத்தான் 15-இல் இருந்து 25 வரை வேண்டும். இரண்டு பிள்ளைகள் வகுப்பில், மருமகள் மீட்டிங்கில், தாத்தா டிவியில் என்று எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தாலும் 50 எம்.பி. திட்டத்திலேயே மிச்சம் இருக்கும். அப்படியும் மீட்டிங்கில் குரல் விட்டுவிட்டு வந்தால் மேலே அனுப்பும் வேகத்தைப் பாருங்கள். யாராவது போட்டோ, வீடியோவை எல்லாம் கூகுளுக்கு ஏற்றிக்கொண்டிருப்பார்கள். அல்லது சிசிடிவி கேமரா ராப்பகலாகக் காட்சிகளை வெளியே அனுப்பிக்கொண்டிருக்கும். அந்த ஏற்றத்தை இரவு நேரத்துக்குத் தள்ளிவைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

வேகம் போதுமானதாக இருந்தும் பின்னறைக்கு வராமல் போவதற்குக் காரணம் ரவுட்டரை வைக்கும் இடம். ஃபைபரைச் சுவர் மூலையில் நறுக்கென்று மடக்கினால் ஒளி கசிந்து சிக்னல் போய்விடும். அதனால் பொருத்த வருகிறவர்கள் அதை உள்ளே கொண்டுபோகத் தயங்கி, வாசலிலேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். ராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் இன்னும் எத்தனையோ வீடுகளில் சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டிய தடித்த சுவர்கள். நான் துளை போட்டால் நீள பிட் போட்டும் மறுபக்கம் வர நேரமாகும். அந்தச் சுவர் இரண்டைத் தாண்டி வைஃபை எப்படிப் போகும்? வழியில் இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடி, மீன் தொட்டி எல்லாம் வேறு.

வீட்டு ரவுட்டர்களின் வைஃபையில் பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகள் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் கொஞ்சம் தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும். ஆனால் அதில் ஒன்றை ஒன்று இடிக்காத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். எங்கள் சந்தில் நின்று போனில் வைஃபை பட்டியலைத் திறந்தால் திரையை உருட்டிக்கொண்டே போகலாம், அத்தனை வீட்டுப் பெயர் வரும். அத்தனையும் அந்த மூன்றுக்குள் முட்டி மோதுகின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் ஓடுகிறது. சமையல்கட்டை ஒட்டி உட்கார்ந்து படிக்கும் பிள்ளைக்கு அடுப்பை வைத்ததும் நெட் தடுமாறும். 5 கிகாஹெர்ட்ஸில் இடமும் உண்டு, வேகமும் அதிகம், ஆனால் தடித்த சுவர் ஒன்று வந்தாலே படுத்துவிடும். ஆகவே ரவுட்டர் இருக்கும் அறையில் 5, சற்றுத் தள்ளிப்போனால் 2.4, இடம் மாறாத கணினிக்கும் டிவிக்கும் கேபிள் என்று நான் எல்லா வீட்டிலும் சொல்கிறேன்.

கேபிள் என்றதும் பயப்படுகிறார்கள். லேன் கேபிளை ஃபைபர் மாதிரி அவ்வளவு பதமாகக் கையாள வேண்டியதில்லை. நூறு மீட்டர் வரை இழுக்கலாம். நம் வடசென்னை வீடுகளில் முப்பது மீட்டருக்கு மேல் எங்கேயும் எனக்குத் தேவைப்பட்டதில்லை. ஆனால் கேபிளை வாங்கும்போதே ஏமாறாமல் இருக்க வேண்டும். கடையில் ஒரு முனையை வெட்டித் தரச் சொல்லி, உள்ளே இருக்கும் எட்டு மெல்லிய கம்பிகளில் ஒன்றை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். நல்ல சரக்கு உள்ளே வரைக்கும் செம்பு நிறம். சுரண்டியதும் வெள்ளி நிறம் தெரிந்தால் அது அலுமினியம், மேலே செம்புப் பூச்சு மட்டும். கையில் எடுத்தாலே எடை குறைவாகத் தெரியும். விலை மலிவு என்று அதைப் போட்டால், இரண்டு தரம் வளைத்த இடத்தில் உள்ளுக்குள் முறிந்துவிடும். துறைமுகத்துப் பக்கம் உப்புக் காற்று சும்மா விடாது. காசிமேட்டில் ஒரு மாடி வீட்டில் வெளிச்சுவரில் இருந்த இணைப்பைக் கழற்றினால், செம்பு பச்சைப் பூத்துக் கனெக்டரோடு ஒட்டிக்கொண்டு வந்தது. வெளியில் போகும் கேபிளுக்குப் பைப் கட்டாயம், இணைப்பு முனை வீட்டுக்குள் வர வேண்டும்.

முனையில் கனெக்டர் பொருத்தும் வேலையிலும் நிறைய அரைகுறை நடக்கிறது. மேல் உறையை ஒரு விரற்கடை அளவு உரித்து, முறுக்கிய நான்கு ஜோடிகளையும் பிரித்து, ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீல-வெள்ளை, பச்சை, பிரவுன்-வெள்ளை, பிரவுன் என்று கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தட்டையாக நிறுத்தி, நுனியை ஒரே நேராக நறுக்கிக் கனெக்டருக்குள் தள்ள வேண்டும். எட்டு நுனியும் முன்பக்க பிளாஸ்டிக்கை முட்டி நிற்பது வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். அதற்குப் பிறகுதான் கிரிம்பிங் டூலை அழுத்த வேண்டும். முறுக்கை அதிகம் பிரித்துவிட்டாலும் சிக்னல் கெடும். அவசரத்தில் இருப்பவர்கள் எட்டில் நான்கை மட்டும் மாட்டிவிட்டு, லைட் எரிகிறது பாருங்கள் என்று சொல்லிப் போய்விடுகிறார்கள். நான்கு கம்பியில் 100 எம்.பி. வரைக்கும்தான் போகும்; அதற்கு மேல் வேகத் திட்டத்துக்கு நீங்கள் கட்டும் பணம் அந்த முனையிலேயே நின்றுவிடும். 1000 எம்.பி. போக எட்டும் வேண்டும். ரவுட்டரின் துளையும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும்; சில பெட்டிகளில் ஒரு துளைதான் 1000, மற்றவை 100. இணைப்பு கொடுக்கும்போதே இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

என் தொழிலைச் சேர்ந்தவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சுவருக்குள் ஏற்கெனவே பைப் இருக்கிறதே என்று 230 வோல்ட் ஒயர் போகும் பைப்பிலேயே லேன் கேபிளையும் சேர்த்து இழுக்காதீர்கள். இரைச்சல் ஏறி சிக்னல் கெடுவது ஒரு பக்கம் இருக்கட்டும். பவர் ஒயரின் உறை எங்காவது கிழிந்தால் பிள்ளை கை வைக்கும் லேப்டாப் வரைக்கும் கரண்ட் போகும். தனி பைப் போடுங்கள். சுவரை வெட்டிக் காடி எடுக்க வழி இல்லாத வாடகை வீட்டில் தனிக் கேசிங் பட்டி ஒட்டுங்கள்.

ரவுட்டரில் இருக்கும் நான்கு லேன் துளை போதவில்லை என்றால், ஒரு கேபிளில் வருவதைப் பல கேபிளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஐந்து துளை நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்று ரிச்சி தெருவில் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். மாட்டினால் போதும், செட்டிங் ஒன்றும் கிடையாது. மாடியில் வைஃபை வேண்டும் என்று கேட்டால் பழைய ரவுட்டரைத் தூக்கிப் போடாதீர்கள். முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி வேலையை அதில் நிறுத்திவிட்டு, முதல் ரவுட்டரோடு மோதாத முகவரி ஒன்றை அதற்குக் கொடுத்து, லேன் துளைக்கும் லேன் துளைக்கும் கேபிள் போட்டால் அது மாடிக்கு வைஃபை கொடுக்கும். டிஹெச்சிபியை நிறுத்தாமல் விட்டால் இரண்டு ரவுட்டரும் போட்டி போட்டு முகவரி கொடுக்கும். யாருக்கு நெட் வரும், யாருக்கு வராது என்றே தெரியாது. பிளக்கில் சொருகும் எக்ஸ்டெண்டர்களை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. ஒரே அலைவரிசையில் கேட்பதையும் திருப்பிச் சொல்வதையும் செய்யும் மலிவு ரகங்கள் வேகத்தைப் பாதியாக்கிவிடும்.

மின்தடைக்கும் வழி செய்து வைத்துக்கொள்ள வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது எங்கள் பக்கம் கரண்ட் இல்லாமல் தவித்தோம். அது பெரிய பேரிடர், அதைத் தாங்க எந்தப் பெட்டியாலும் முடியாது. ஆனால் சாதாரண நாளில் ஒரு மணி, இரண்டு மணி நேரம் போகும் கரண்டுக்கு, ரவுட்டருக்கு என்றே விற்கும் 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் போதும். வாங்கும் முன் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் ஒத்துப் பாருங்கள். லேப்டாப்பில் பேட்டரி இருப்பதால், பரீட்சை நேரத்தில் தெருவே இருட்டாக இருந்தாலும் பிள்ளை பாட்டுக்குப் படிக்கலாம்.

பக்கத்து வீட்டுக்குப் பாஸ்வேர்ட் கொடுப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கம் ஒரே காம்பவுண்டுக்குள் ஐந்தாறு குடித்தனம் இருக்கும். ஒரு வீட்டில் நெட் இருந்தால் எல்லோரும் கேட்பார்கள், கொடுக்காவிட்டால் மனசு கேட்காது. ஒரு குடும்பத்துக்குள் பகிர்வது வேறு, வீட்டுக்கு வெளியே கொடுப்பது வேறு. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் முதலில் கேட்பார்கள். 2008-இல் ஆமதாபாத் குண்டுவெடிப்பின்போது மிரட்டல் மின்னஞ்சல் ஒன்று, பூட்டாத வைஃபை வழியாக அனுப்பப்பட்டது. இணைப்பின் சொந்தக்காரர் மேல்தான் முதலில் விசாரணை வந்தது. ஆகவே ரவுட்டரோடு வந்த பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள், டபிள்யூபிஏ-2 அல்லது 3 பூட்டைப் போடுங்கள், வந்து போகிறவர்களுக்கு 'கெஸ்ட்' நெட்வொர்க்கைத் தனியாகத் திறந்துவிடுங்கள். காம்பவுண்டுக்கே பொதுவாக வேண்டும் என்றால் அதற்கு முறையான வழி இருக்கிறது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பி.எம்.-வாணி திட்டத்தில் டீக்கடை, மளிகைக் கடை வைத்திருப்பவர்கள்கூட லைசென்ஸ் கட்டணம் இல்லாமல் வைஃபை கொடுக்கலாம். எங்கள் தெருக்களில் அதைக் கேள்விப்பட்ட கடைக்காரர் ஒருவரைக்கூட நான் பார்க்கவில்லை. மாநகராட்சி வார்டு அலுவலகங்கள் அதற்கு ஒரு முகாம் நடத்தலாம்.

இனி என் கோரிக்கைகள். தமிழக அரசு 2011 செப்டம்பரில் விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தது. 2025-26 பட்ஜெட்டில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவித்தார்கள். கருவி வீட்டுக்கு வருகிறது, சந்தோஷம். கூடவே, இருக்கிற ஒரே இணைப்பில் அதை எப்படிச் சேர்ப்பது என்று தமிழில் நாலு பக்கத்தில் படம் போட்ட கையேடு ஒன்றை அந்தப் பெட்டிக்குள்ளேயே வைத்துக் கொடுங்கள். அதைப் படித்த வீட்டில், "இன்னொரு கனெக்‌ஷன் போடுங்க" என்று வந்து நிற்கிறவரின் பேச்சு எடுபடாது.

இணைப்பு கொடுக்கும் நிறுவனங்கள், வாசலில் பெட்டியை மாட்டியதும் வேலை முடிந்தது என்று கையெழுத்து வாங்கக் கூடாது. வீட்டில் எத்தனை கணினி, எந்த அறையில் என்று கேட்டு, வாடிக்கையாளர் விரும்பினால் உள்ளே ஓர் இடத்துக்காவது கேபிள் இழுத்து, அங்கே வேகத்தைச் சோதித்துக் காட்டிவிட்டுப் போக வேண்டும். அதற்கு நியாயமான கூலி வாங்கட்டும். விலைப்பட்டியலை முன்கூட்டியே அச்சிட்டுக் கொடுக்கட்டும். ஏற்கெனவே இணைப்பு உள்ள முகவரிக்கு இரண்டாவது விற்கும்போது, ஒரே இணைப்பில் எல்லாக் கணினியும் இயங்கும் என்று விண்ணப்பத்திலேயே தமிழில் எழுதியிருக்க வேண்டும் என, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவிடலாம். அலுவலக வேலைக்காக மாற்று வழி வேண்டும் என்று தெரிந்தே இரண்டாவது எடுப்பவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். தெரியாதவர் தலையில் கட்டுவதுதான் கூடாது.

நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது புதிய கட்டடங்களைப் பற்றி. குடிசை மாற்று வாரியமாக இருந்து இப்போது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியிருக்கும் வாரியம், வடசென்னையில் பழைய குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கிறது. 2024 மார்ச்சில் தங்கசாலையில் தொடங்கிவைத்த வடசென்னை வளர்ச்சித் திட்டத்திலும் நிறைய கட்டுமானம் நடக்கிறது. கான்கிரீட் போடும் நேரத்திலேயே மீட்டர் இடத்தில் இருந்து ஹாலுக்கு ஒன்று, படுக்கை அறைக்கு ஒன்று என்று 25 எம்எம் பிவிசி பைப்பைக் காலியாகப் புதைத்து, உள்ளே இழுகம்பி விட்டு, முனையில் ஒரு பெட்டி வைத்து மூடிவிட்டால் போதும். பைப்பும் பெட்டியும் ஒரு வீட்டுக்கு ஆகும் செலவில் கண்ணுக்கே தெரியாத தொகை. குடிவந்த பிறகு அதையே சுவரை உடைத்துச் செய்தால் கூலியும் பூச்சும் பெயின்ட்டும் சேர்ந்து பல மடங்கு. 2024 அக்டோபரில் டிராய், கட்டடங்களின் டிஜிட்டல் இணைப்பு வசதிக்கு நட்சத்திர மதிப்பீடு கொடுக்கும் விதிமுறையைக் கொண்டுவந்திருக்கிறது. ஓ.எம்.ஆர். அடுக்குமாடிகள் அந்த நட்சத்திரத்தை விளம்பரத்தில் போட்டுக்கொள்ளலாம். தண்டையார்பேட்டை வாரியக் குடியிருப்பில் இருக்கும் மாணவிக்கும் சுவருக்குள் ஒரு காலி பைப் வேண்டும்.

அரசு ஐ.டி.ஐ.க்களில் எலக்ட்ரீஷியன், வயர்மேன் பிரிவில் படிக்கும் பையன்களுக்கு லேன் கேபிள் இழுக்கவும் கனெக்டர் பொருத்தவும் சோதனைக் கருவியால் எட்டுக் கம்பியையும் பார்க்கவும் கூடுதலாக ஒரு வாரம் பயிற்சி கொடுங்கள். வட்டாரத்திலேயே நூறு பேருக்கு வேலை கிடைக்கும், அவ்வளவு தேவை இருக்கிறது. என்னிடம் உதவிக்கு வரும் தம்பிகள் இருவரும் இந்த வேலையைப் பார்த்தே கற்றுக்கொண்டார்கள். இப்போது தனியாகப் போய் முடித்துவிட்டு வருகிறார்கள்.

சென்ற வாரம் கடிதம் எழுதிய அன்பர் வடசென்னைக்காரராக இருந்தால், இரண்டாவது இணைப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன் தன் பகுதியில் விவரம் தெரிந்த ஒரு எலக்ட்ரீஷியனை அழைத்து ரவுட்டர் இருக்கும் இடத்தைக் காட்டட்டும். ஏற்கெனவே கட்டியிருந்தால், ஒப்பந்தத்தில் எத்தனை மாதக் கட்டாயம் என்று பார்த்து, அது முடியும் தேதிக்கு முன்பாகவே எழுத்து மூலம் ரத்து செய்யச் சொல்லி, டெபாசிட்டையும் திரும்பக் கேட்டு வாங்கட்டும். அவர்கள் கொடுத்த ரவுட்டரைத் திருப்பிக் கொடுக்கும்போது ரசீது வாங்க மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன்,
ஒரு எலக்ட்ரீஷியன்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை-21.